அமுதா மேல நான் வச்ச குறை

யாரு சொன்னா, டாக்டரம்மா கண்டுபிடிச்சாவன்னு? நான்லா கண்டுபிடிச்சேன். இந்தத் தங்கபுஷ்பம் கண்டுபிடிச்சேன். சிரி, நல்லா சிரி. "கிட்னி நோயெல்லாம் கண்ணால பாத்துக் கண்டுபிடிக்க முடியாது பாட்டி, ரத்தம் எடுத்துப் பாக்கணும், ஒண்ணுக்கு எடுத்துப் பாக்கணும்"னு வாசல்ல நின்னுக்கிட்டு எனக்குப் பாடம் நடத்துத. உனக்கு என்ன வயசு மக்கா? இருவத்தஞ்சா? நர்சு படிச்சு முடிச்சு எத்தனை வருசம் ஆவுது? ரெண்டா? நான் நாப்பத்தோரு வருசம் உப்பளத்துல உப்பு சொமந்தவ. உள்ள வா மொதல்ல. இந்த ஆடிக்காத்துல மண்ணு பூரா கண்ணுக்குள்ள போவும். செருப்பு அங்கன கெடக்கட்டும், எவனும் தூக்கிட்டுப் போவ மாட்டான். அந்தச் சேர்ல உக்காராத, அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காரு.

நீ எதுக்கு வந்துருக்கன்னு எனக்குத் தெரியும். அந்த டாக்டரம்மா அனுப்பிருக்காவ, என்னையும் டெஸ்ட் எடுக்கணும்னு. எனக்கு ஒண்ணும் இல்ல. எடுக்க மாட்டேன். அதை விடு. மொதல்ல நீ என்னைப் பொய்க்காரின்னு நெனச்சில்லா, அதுக்குப் பதில் சொல்லிக்கிடுதேன்.

எம் மருமவ அமுதா பின்னால துணி தொவைக்கா. காதுல விழட்டும், நான் ஒண்ணும் ஒளிச்சுப் பேசல. அவளுக்கு கிட்னி கெட்டுப்போச்சுன்னு ஆஸ்பத்திரியில சொன்னது சித்திரையில. நான் கண்டுபிடிச்சது மாசியில. ரெண்டு மாசம் முந்தி. என்னன்னுதான் அப்ப தெரியல. ஆனா பாத்துட்டேன்லா? பாத்தது நாந்தான?

கேளு. மழை முடிஞ்சு, தை பொறந்து, அளத்துல தண்ணி சுண்டி உப்பு பூக்க ஆரம்பிச்ச நேரம். விடியக்காலம் நாலு மணிக்கெல்லாம் தெருமுக்குல லோடு ஆட்டோ வந்து ஆரன் அடிப்பான். பொம்பளைய எல்லாரும் தூக்குச்சட்டியத் தூக்கிட்டு ஓடணும். அமுதா கல்யாணம் ஆகி வந்து பத்தொம்பது வருசம். ஒருநாளும் அந்த ஆட்டோ அவளுக்காவ நின்னது கெடயாது. அவதான் மொத ஆளா போயி நிப்பா. அதை நான் அவகிட்ட சொன்னது இல்ல, மத்தவகிட்ட சொல்லிருக்கேன். அப்பேர்ப்பட்டவ மாசியில எந்திரிக்க மாட்டேங்குதா. தட்டித் தட்டி எழுப்ப வேண்டியிருக்கு. எந்திரிச்சு வந்தா மூஞ்சி பூரா இட்டிலி மாதிரி உப்பிக் கெடக்கு. கண்ணு ரெண்டும் கீறுனாப்ல. பத்து மணி ஆனா வடிஞ்சிரும்னு கூட வேலை செய்யுதவ சொன்னாளுவ.

நான் எம்மவன் பட்டுராஜிட்ட சொன்னேன். "ஏல, உம் பொண்டாட்டி ராத்திரி பூரா போனைப் பாத்துக்கிட்டு கெடக்கா. அதான் மூஞ்சி வீங்குது"ன்னேன். அவன் லாரி ஓட்டுதவன், வாரத்துல நாலு நாளு ரோட்டுல கெடப்பான், அவனுக்கு என்ன தெரியும்? "எம்மா, சும்மா கெட"ன்னான். நான் சும்மா கெடப்பனா? ராத்திரி பின்கதவு தாப்பாள் சத்தம் எனக்குக் கேக்குமே. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். சில நாளு நாலு. எதுக்கு ஒரு பொம்பள ராத்திரி நாலு தரம் கதவத் தொறந்து போணும்? அவ போயிட்டு வந்து படுத்த பொறவு நான் ஒரு தரம் எந்திரிச்சுப் போவேன், அவ போன் வெளிய எங்கயாச்சும் ஒளிச்சு வச்சிருக்காளான்னு பாத்துட்டு, அப்படியே நானும் ஒண்ணுக்கு இருந்துட்டு வருவேன். வயசானா வரத்தான செய்யும். போனு இல்ல. ஒண்ணும் இல்ல. ஆனா நான் எண்ணி வச்சிருந்தேன்.

பொறவு மெட்டி. மாசி மகத்துக்கு மறுநாளு, காலு வெரல்ல மெட்டி எறங்கிப் போயி சதை மேல மூடிக்கிட்டு நிக்கி. எண்ணெய் போட்டுப் பாத்தா, சோப்பு போட்டுப் பாத்தா, நூலு சுத்திப் பாத்தா, ஒண்ணும் அசையல. ஆசாரி கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். அந்த ஆசாரி ஒரு மாதிரி ஆளு. குறடை எடுத்துக்கிட்டு, "எந்தக் காலு?"ன்னு நாலு தரம் கேட்டான், கண்ணு தெரியல அவனுக்கு. நாந்தான் அவ காலைத் தொட்டுக் காட்டுனேன். எம் மெட்டிக்கும் ஒரு கதை இருக்கு தெரியுமா? எனக்குக் கல்யாணம் ஆன புதுசுல உப்புப் பாத்திக்குள்ள கழண்டு விழுந்துட்டு. அழுதேன்னா அப்படி அழுதேன். எட்டு நாள் கழிச்சு உப்பு வாரும்போது எங்க மாமியா தூக்கிக் காட்டுதாவ, மெட்டியச் சுத்திலும் உப்பு கட்டியாப் பூத்து, வைரக்கல்லு வச்சாப்ல இருக்கு. அதை ஒடைக்க மனசே வரல எனக்கு... என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆங், ஆசாரி. வெட்டி எடுத்துட்டான். எடுத்த எடம் வெள்ளையா, குழியா, அப்படியே நிக்கி. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தின்னுட்டுத் தூங்குனா சதை வைக்கத்தான் செய்யும்"ன்னு சொன்னேன். ஆசாரிக்கு முன்னாலயே சொன்னேன்.

அப்படிப் பாக்காத. அளத்துல எவ காலு நல்லாருக்கு சொல்லு? எல்லாவளுக்கும் காலு வீங்கித்தான் கெடக்கும், பொத்துத்தான் கெடக்கும். காலு வீங்குனா உப்புத்தண்ணி. உடம்பு அரிச்சா உப்புத்தண்ணி. நாக்கு வறண்டா வெயிலு. களைச்சா வேலை. எங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு காரணம் அங்கனயே கெடக்கும் மக்கா, தேட வேண்டாம். அமுதா கையையும் காலையும் சீப்பு வச்சுச் சொறிஞ்சா. தேங்காண்ண தேச்சுக்கோன்னேன். வேற என்ன சொல்லுவா ஒருத்தி?

இனிதான் பெரிய சண்டை. எங்க வீட்டு கக்கூசு பின்னால இருக்கு. அதைக் கழுவுதது நான். வேற எவளும் கழுவுனா எனக்குப் பிடிக்காது. பங்குனி மாசம் தொடக்கத்துல பாக்கேன், அவ போயிட்டு வந்த பொறவு கோப்பையில நுரை. சும்மா கொஞ்சம் இல்ல, பால் கறந்தாப்ல. ஒரு சொம்பு ஊத்துனேன், போவல. ரெண்டு சொம்பு ஊத்துனேன், ஓரத்துல ஒட்டிக்கிட்டு நிக்கி. எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம். "ஏளா, சோப்புத்தூள இதுக்குள்ள கொட்டிச் சீரழிக்கியா? உங்க அப்பன் வீட்டுல இருந்து மூட்டை வந்து எறங்கிருக்கா?"ன்னு கேட்டேன். அவ, "நான் கொட்டல அத்தே"ங்கா. "அப்ப நுரை ஆகாசத்துல இருந்து வந்துச்சா?"ன்னேன். அவ அழுதுட்டா. நான் சோப்புத்தூள் டப்பாவ எடுத்து எங் கட்டிலுக்கு அடியில வச்சுக்கிட்டேன். டப்பா எங்கிட்ட இருக்கு. மறுநாளும் நுரை.

அன்னைக்குத்தான் எனக்கு லேசா ஒரு மாதிரி ஆச்சு. டப்பா எங்கிட்ட இருக்கே, பொறவு எப்படின்னு. ஆனா சண்டை போட்டாச்சு. போட்ட சண்டைய எப்படித் திரும்ப எடுக்க? "ஒளிச்சு வேற ஒரு பாக்கெட் வாங்கி வச்சிருக்கா"ன்னு நெனச்சுக்கிட்டேன். நெனச்சதை விடல.

சோறு திங்க மாட்டேங்குதா அடுத்து. நான் சாளை மீன் கொழம்பு வைக்கேன்னா நாலு வீட்டுக்கு வாசனை போவும். எம் பேத்தி பாலிடெக்னிக் படிக்கா, கூடப்படிக்கிற பிள்ளைய எல்லாம் ஞாயித்துக்கிழமை இங்க வரும், அந்தக் கொழம்புக்காவ. அமுதா ஒரு வாய் எடுத்து வச்சுட்டு தட்டத் தள்ளி வைக்கா. "வாயில இரும்பு மாதிரி இருக்கு அத்தே. துட்ட நக்குனாப்ல இருக்கு"ங்கா. எங் கொழம்பப் பாத்து! மூணு நாள் நான் அவகிட்ட முகம் குடுத்துப் பேசல. காலையில பல்லு தேய்க்கும்போது ஓங்கரிக்கா வேற. வாந்தி வாந்தியா வருது. உடனே நான்... சரி, இதைச் சொல்லத்தான் வேணும், மறைச்சா நீ வேற எவகிட்டயாவது கேட்டுக்கிடுவ. எதுத்த வீட்டு ரோசிலிகிட்ட போயி, "எங்க வீட்டுல விசேசம் போல"ன்னு சொல்லிட்டேன். மூஞ்சி வீங்குது, காலு வீங்குது, மயக்கம் வருது, வாந்தி எடுக்கா. நீயே சொல்லு, வேற என்ன நெனப்ப? ரோசிலி வாயில ஒண்ணு விழுந்தா அது சர்ச்சுல மைக்குல சொன்னாப்ல. மத்தியானம் அமுதா ஆட்டோவுல இருந்து எறங்குதா, ஒருத்தி மாங்காய் கொண்டாந்து கையில குடுக்கா. முப்பத்தெட்டு வயசு அவளுக்கு. தோளுக்கு மேல வளந்த மவ இருக்கா. அந்த மாங்காய எங் கட்டில் மேல வச்சுட்டு உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டா. பேசிருந்தா நானும் பதிலுக்குப் பேசிருப்பேன். பேசலயே.

சித்திரையில விழுந்துட்டா. தலையில உப்புப் பெட்டியோட கரையேறும்போது மூச்சு வாங்கி, அப்படியே வரப்புல உக்காந்துருக்கா. பெட்டி சாஞ்சு உப்பு பூரா அவ மேல. கூட நின்னவளுவ வெயில்தான்னு நெனச்சு நெழல்ல படுக்க வச்சிருக்காளுவ. நெழலு எங்க இருக்கு அங்க? லாரிக்கு அடியில. பக்கத்துல இருக்குற சின்ன ஆஸ்பத்திரியில பிரஷர் பாத்துட்டு அந்த நர்சு, உன்னை மாதிரி ஒரு பொண்ணுதான், மறுபடி பாத்தா, மூணாவது தரம் பாத்தா. ஒடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவச் சொல்லிட்டா.

பெரிய ஆஸ்பத்திரியில டாக்டரம்மா கேக்காவ. "எத்தனை நாளா இப்படி இருக்கு?" அமுதா, "இன்னைக்குத்தான் டாக்டர்"ங்கா. "காலு எப்ப இருந்து வீக்கம்?" "இது எப்பவும் இருக்கதுதான்." "பசிக்குதா?" "பசிக்கு டாக்டர்." எம்மவன் இருக்கானே, புண்ணியவான், "நேத்து வரைக்கும் நல்லாத்தான் டாக்டர் இருந்தா"ங்கான்!

எனக்கு வந்துச்சு. "நல்லாவா இருந்தா?"ன்னு கேட்டேன். அந்த ரூமே திரும்பிப் பாத்துச்சு. "ஏல, நீ வீட்டுலயா இருந்த? நல்லாவா இருந்தா அவ? மாசி மாசத்துல இருந்து மூதி விடிஞ்சா எந்திரிக்க மாட்டா. எந்திரிச்சா மூஞ்சி வீங்கிக் கெடக்கும். ராத்திரிக்கு நாலு தரம் பின்கதவத் தொறப்பா. மாசி மகத்துக்கு மறுநாள் மெட்டி வெட்டி எடுத்தோம். பங்குனி ஒண்ணாந் தேதி வாக்குல இருந்து ஒண்ணுக்குல நுரை, ரெண்டு சொம்பு ஊத்துனாலும் போவாது. எங் கொழம்பு இரும்பு மாதிரி இருக்காம் அவளுக்கு. சீப்பு வச்சுச் சொறியுதா. கெண்டைக்கால இழுத்துப் பிடிக்குன்னு ராத்திரி கத்துதா. இவளையா நல்லாருந்தாங்க?" மனசுல பிடிச்சு வச்சிருந்த குறையெல்லாம் கொட்டிட்டேன் மக்கா. ஒண்ணு விடாம. மருமவளைப் பத்திக் குறை சொல்ல எனக்கு அப்படி ஒரு எடம் கெடைக்கும்னு நான் நெனச்சதே இல்ல.

டாக்டரம்மா பேனாவ எடுத்துட்டாவ. "மெதுவாச் சொல்லுங்கம்மா. நுரை எப்ப இருந்துன்னு சொன்னீங்க?"ங்காவ. நான் சொல்லச் சொல்ல எழுதுதாவ. ஒரு பக்கம் முடிஞ்சு மறுபக்கம் திருப்பி எழுதுதாவ. வெள்ளைக் கோட்டு போட்ட படிக்கிற பிள்ளைய நாலு பேரைக் கூப்பிட்டு, "இந்தம்மா சொல்றதக் கேளுங்க. ஒரு அறிகுறிய விடாம, தேதியோட சொல்றாங்க"ன்னாவ. நாலு பிள்ளைகளும் என்னச் சுத்தி நின்னு கேக்கு. எங்க வீட்டுல நான் பேசுனா எந்திரிச்சுப் போவாளுவ. அங்க நாலு பேரு நின்னு கேக்குதாவ. அதான் சொல்லுதேன், யாரு கண்டுபிடிச்சா? நான் கண்டுபிடிச்சேன். அந்தக் காகிதம் இன்னைக்கும் ஆஸ்பத்திரியில இருக்கும், போயிப் பாரு.

அவ்வளவுதான். கதை முடிஞ்சுது.

என்ன, அப்புறமா? அப்புறம் ஒண்ணும் இல்ல. அப்புறம் டாக்டரம்மா அமுதாகிட்ட ஒண்ணு கேட்டாவ. "வேலை எடத்துல ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"ன்னு. அமுதா, "குடிக்க மாட்டேன் டாக்டர்"ன்னா. "குடிக்கவே மாட்டீங்களா? எப்ப இருந்து?" அதுக்கு இவ, "கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து. அத்தை சொல்லிக் குடுத்தாவ"ன்னா.

அவ குறையா சொல்லல பாத்துக்கோ. சோறு வடிக்கக் கத்துக் குடுத்தாவன்னு சொல்லுவாளுவல்ல, அந்த மாதிரிச் சொன்னா. டாக்டரம்மா பேனா நின்னுட்டு. என்னைப் பாத்தாவ. வையல. பாத்தாவ. அதுக்கு ரெண்டு வார்த்தை வைஞ்சிருக்கலாம்.

நான் கேக்கேன், நான் என்ன தப்பு சொல்லிக் குடுத்தேன்? நீ அளத்தப் பாத்துருக்கியா? ரோட்டுல போவும்போது பஸ்ஸுல இருந்து பாத்துருப்ப, வெள்ளையா அழகா இருக்கும். எறங்கிப் பாரு. கண்ணு எட்டுற வரைக்கும் தட்டையா கெடக்கும். ஒரு முள்ளுச்செடி கெடயாது. ஒரு செவரு கெடயாது. கக்கூசுன்னு ஒண்ணு கட்டித் தாங்கன்னு கேட்டோம், வருசா வருசம் கேட்டோம், ஒவ்வொரு அளத்துக்காரனும் அடுத்த அளத்துக்காரனைக் கை காட்டுனான். லாரி ஏத்துத ஆம்பளைய, பம்பு செட்டுக்காரன், எல்லாவனும் நிப்பான். நான் போன மொத வாரம், விவரம் தெரியாம ஒரு சொம்பு தண்ணி குடிச்சுட்டேன். பத்து மணிக்கு முட்டிட்டு. எங்க போவ? நடந்தேன், நடந்தேன், தட்டுமேட்டுல குமிச்சு வச்சிருக்க உப்புக் குமிக்குப் பின்னால போனேன். லாரி மேல நின்னவன் ஒருத்தன் பாத்துட்டு விசிலடிச்சான். விசிலடிச்சுட்டு மத்தவனையும் கூப்பிட்டான். பதினெட்டு வயசு எனக்கு. அன்னைக்கு சாயங்காலம் எங்க மாமியா சொன்னாவ, "வீட்டுல இருந்து போவும்போதே இருந்துட்டுப் போ. அங்க வாய நனைச்சுத் துப்பிக்கோ, முழுங்காத. வீட்டுக்கு வந்து குடிச்சுக்கோ"ன்னு. அன்னையில இருந்து நாப்பத்தோரு வருசம், விடியக்காலம் நாலு மணிக்குப் போயி மதியம் ஒரு மணி வரைக்கும் ஒரு சொட்டு முழுங்கல. என்னை எவனும் பாத்து விசிலடிக்கல. அதைத்தான் எம் மருமவளுக்கும் சொல்லிக் குடுத்தேன். பத்தொம்பது வயசுப் பிள்ளையா வந்தா, சின்னப் பிள்ளை, சடையில ரிப்பன் கட்டிக்கிட்டு அளத்துக்கு வந்தா. அவளையும் எவனும் விசிலடிக்க விட மாட்டேன்னு சொல்லிக் குடுத்தேன். அது தப்பா?

மாத்திரையும் நாந்தான் வாங்கிக் குடுத்தேன், அதையும் எழுதிக்கோ. கழுத்து வலிக்கும்லா, இடுப்பு வலிக்கும்லா. தெருமுக்குல ஞானதுரை கடையில வலி மாத்திரை தனித்தனியாவே தருவான். தெனமும் ஒண்ணு போட்டுக்கிட்டாத்தான் ஆட்டோ ஏற முடியும். அவளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. எல்லா வீட்டுலயும் அப்படித்தான். அதுவும் கிட்னியத் திங்கும்னு டாக்டரம்மா சொல்லித்தான் தெரியும். ஞானதுரைக்கே தெரியாது, அவனும் போடுதான்.

நூத்துக்கு முப்பத்தஞ்சுதான் வேலை செய்யுதாம் அவளுக்கு. அறுவத்தஞ்சு போயிட்டு. போனது திரும்பாது, இருக்கறதைக் காப்பாத்தலாம்னு சொன்னாவ. அளத்துக்குப் போவக்கூடாது, வலி மாத்திரை தொடக்கூடாது, பிரஷர் மாத்திரை விடக்கூடாது, உப்பக் குறைக்கணும், தண்ணி இவ்வளவுன்னு அளந்து சொல்லிருக்காவ. காப்பாத்தலைன்னா ரத்தத்தச் சுத்தம் பண்ணுத மிசின்ல படுக்கணும். நான் அங்கனயே சொன்னேன், "அப்ப என்னுது ஒண்ண எடுத்து அவளுக்கு வைங்க"ன்னு. அந்த நாலு பிள்ளைகளும் சிரிச்சுது. "என்ன சிரிப்பு? ரெண்டு இருக்குல்லா? எனக்கு ஒண்ணு போதும். நான் இனி எந்தப் பெட்டியச் சொமக்கப் போறேன்?"ன்னேன். டாக்டரம்மா சிரிக்கல. "இப்ப அவங்களுக்கு அது வேண்டாம்மா. ஆனா நீங்களும் ஒரு டெஸ்ட் எடுத்துருங்க. நீங்களும் அதே வேலைதான செஞ்சீங்க"ன்னாவ. நான் எந்திரிச்சு வந்துட்டேன்.

ஏன் எடுக்கணும்? நாப்பத்தோரு வருசம், அதே அளம், அதே வெயிலு, அதே மாத்திரை, அதே தண்ணி இல்லாமை. நான் கல்லு மாதிரி இருக்கேன். பாரு, கல்லு மாதிரி. அப்ப அமுதாவுக்கு வந்தது நான் சொல்லிக் குடுத்ததால வரல. சரிதான? அதே மருந்து ரெண்டு பேரும் குடிச்சோம், எனக்கு ஒண்ணும் ஆவலைன்னா மருந்து மேல குத்தம் இல்லைலா? பதில் சொல்லு. படிச்ச பிள்ளைதான. அவ ஒடம்பு வாகு வேற, அவ அப்பன் வீட்டு வாகு. நான் நல்லாருக்க வரைக்கும் எவளும் என்னைப் பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது.

ஏய், என்ன செய்யுத? எதுக்குக் கீழ உக்காருத? காலை விடு. கூச்சமா இருக்கு, விடு மக்கா. நான் ஒண்ணும் சாமி இல்ல. அமுக்காத. ஏன் இம்புட்டு நேரம் ஒரே எடத்துல அமுக்குத?

எடு வெரலை.

அது எல்லாருக்கும் விழும். வயசானவளுக்கு சதை தளந்து போவும், அமுக்குனா குழி விழத்தான செய்யும். மேல வரும், கொஞ்சம் பொறு. உப்புத்தண்ணியில நின்ன காலு மக்கா இது. ஆமா, விட்டு ஆறு வருசம் ஆவுது. ஆனா என்ன? நாப்பத்தோரு வருசத்து உப்பு ஆறு வருசத்துல எறங்கிருமா?

இன்னும் மேல வரலியே.

என்ன சொன்ன? டாக்டரம்மா அனுப்பலையா? பொறவு யாரு அனுப்புனா உன்னை?

அமுதாவா?

எம் மருமவ வந்து உன்கிட்ட சொன்னாளா? எப்ப? பிரஷர் மாத்திரை வாங்க உங்க ஆஸ்பத்திரிக்கு வந்தப்பவா? என்னன்னு சொன்னா? சொல்லு, முழுங்காத. எங்க அத்தைக்குக் காலு வீங்குதுன்னு சொன்னாளா. சரி. மத்தியானம் உக்காந்தபடியே தூங்குதாவன்னு சொன்னாளா. பாத்தியா அவளை! கொழம்புல உப்பு பத்தலைன்னு மூணாந்தரமா அள்ளிப் போடுதாவன்னு சொன்னாளா. அப்ப என்னை வேவு பாத்துருக்கா! நான் சோறு போட்டு வளத்த வீட்டுல என்னையே ஒருத்தி உக்காந்து எண்ணிக்கிட்டு இருந்துருக்கா. ராத்திரி அஞ்சு தரம் எந்திரிக்காவன்னா சொன்னா? அஞ்சா?

பொய்யி. நாலு.

என்ன பாக்குத? நாலுதான். மழை நாள்ல வேணா அஞ்சு.

மூணு மாசமா உனக்கு அவ சொல்லிக்கிட்டே இருந்துருக்கா, நீயும் வராம இருந்துருக்க. வந்தா நான் வைவேன்னு பயந்தியாக்கும். ஏன், அவ எங்கிட்டயே சொல்ல வேண்டியதுதான? சொல்லிருந்தா... சரி, சொல்லிருந்தா வைஞ்சிருப்பேன். அதுக்காவ சொல்லாம இருந்துருவாளா? மாங்காய வச்சுட்டுக் கதவச் சாத்துனவதான, அவ எப்படிச் சொல்லுவா.

என்னுதும் கெட்டுருந்தா என்ன செய்வீய? சொல்லு. வரட்டும், கெட்டுருக்குன்னே வரட்டும். வந்தா அந்த டாக்டரம்மாகிட்ட போயி நீ ஒண்ணு சொல்லணும். அந்தக் காகிதத்துல, அத்தை சொல்லிக் குடுத்தாவன்னு எழுதியிருக்குல்லா, அதுக்குக் கீழ எழுதச் சொல்லு. அந்த அத்தையும் குடிக்கலன்னு. மருமவளைக் குடிக்காதன்னு சொல்லிட்டு, ஒளிஞ்சு நின்னு தான் மட்டும் குடிச்சவ இல்ல இவன்னு. ஒரே வெயில்ல நின்னா, ஒரே மாத்திரையப் போட்டா, ஒரு சொட்டு முழுங்கலன்னு. அதை எழுதச் சொல்லு. எழுதுவாவளா? எழுத மாட்டாவளா? நீ எழுது, உன் கையால எழுது.

இல்ல, நல்லாருக்குன்னு வந்துச்சுன்னு வையி. அப்ப ஒண்ண எடுத்து அவளுக்கு வைக்கச் சொல்லு. வயசு கியசுன்னு எவனும் பேசக்கூடாது எங்கிட்ட.

ரெண்டுல எதுன்னாலும் எனக்குப் பயம் கெடயாது. அழுதேன்னு எவகிட்டயும் போயிச் சொல்லிறாத, தூசி விழுந்துட்டு கண்ணுல, ஆடிக்காத்து. எதுல ஒண்ணுக்கு எடுக்கணும், டப்பா வச்சிருக்கியா? எங்க, வண்டியிலயா வச்சுட்டு வந்த? வேலைக்கு வந்தவ சாமானை வண்டியில போட்டுட்டு வந்து, இம்புட்டு நேரம் ஒரு கெழவி கதையக் கேட்டுக்கிட்டு உக்காந்துருக்கியே, நல்ல நர்சு! நீ உக்காரு, எந்திரிக்காத. அவ கொண்டாருவா.

ஏளா அமுதா! துணிய அப்படியே போட்டுட்டு வா. வாசல்ல நிக்கிற வண்டியில இந்தப் பிள்ளையோட டெஸ்ட் பெட்டி இருக்காம். அதை எடுத்துட்டு உள்ள வா. என்ன அங்கனயே நிக்க? எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான நின்ன? கொண்டா உள்ள!